ஐஸ் கட்டிடத்தை இடிக்கச் சொன்ன கடிதம்

என்ரை இஞ்சாருங்கோ,

இருபத்தாறு வருடமாக உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஆயுள் குறையும் என்று அம்மா வெருட்டி வைத்திருந்தாள். கூப்பிடாமலே குறைந்துபோனது. ஊருக்கு நீங்கள் மரியதாஸ் தலைவர். எனக்கு இன்னமும் இஞ்சாருங்கோதான்.

இன்று திங்கட்கிழமை பின்னேரம். கரையில் ஐஸ் கட்டிடத்துக்குள் ஒரு நண்டுப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் கொப்பியை வைத்து எழுதுகிறேன். நாளை பத்து மணிக்கு அரசாங்கக் கந்தோரில் கடைசி விசாரணை. அங்கே எங்கள் பேச்சு எடுபடாவிட்டால் புதன்கிழமை விடியவே இடிக்கிற பெக்கோ மெசின் வேலையைத் தொடங்கும். நான் இப்போது சாய்ந்திருக்கும் சுவர் மத்தியானத்துக்கு இருக்காது. பெக்கோ நேற்றே வந்துவிட்டது. சந்தியில் பனைகளுக்குக் கீழே நிற்கிறது. போகிற வருகிற பிள்ளைகள் அதில் ஏறி விளையாடுகிறார்கள். இந்தப் பெட்டி ஆடுகிறது. எழுத்துக் கோணலாக வந்தால் திட்டாதேயுங்கோ.

இந்தக் கடிதத்தை உங்கள் கல்லறையில் இருந்து வாசித்துவிட்டு வந்திருக்கலாம். உங்களுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். அது போதாது. எழுதி முடித்ததும் மீனவர் சங்கத்து அறிவித்தல் பலகையில் ஒட்டப் போகிறேன். ஊர் வாசிக்கட்டும். வாசித்துவிட்டு என் முகத்தில் காறித் துப்புகிறவர்கள் துப்பட்டும்.

முதலில் உங்களுக்குத் தெரியாத புதினங்களைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருக்கும்போது இது வலையும் மிதப்புக்கட்டையும் போட்டு வைக்கிற இடம். ஐஸ் இருந்த காலம் உங்களுக்கும் எனக்கும் முந்தியது. உமிக்குள் ஐஸ் கட்டிகளைப் புதைத்து வைத்தார்களாம், அதனால் வந்த பெயர். இப்போது இங்கே பதினெட்டுப் பெண்கள் வேலை செய்கிறோம். விடிய வள்ளங்கள் வந்ததும் வலையிலிருந்து நண்டைக் கழற்றி, கழுவி, தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குவோம். மன்னாரிலிருந்து கம்பனி லொறி வாசலுக்கே வந்து ஏற்றிப் போகும். எங்களில் பாதிப்பேருக்கு என்னைப் போலவே வீட்டில் ஆம்பிளை இல்லை. நிழலும் சீமெந்துத் தரையும் கிணறும் இல்லாத இடத்துக்கு லொறி வராது என்று கம்பனிக்காரன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். கரை முழுக்கத் தேடினாலும் இந்த மூன்றும் சேர்ந்த இடம் இது ஒன்றுதான்.

இதைத்தான் இடிக்கப் போகிறார்கள். கரையோர அழகுபடுத்தல் திட்டமாம். வெளியூர்க்காரர் பூநாரை பார்க்க வருகிறார்களாம், காற்றாலை பார்க்க வருகிறார்களாம். அவர்களுடைய வான் வண்டி நிறுத்த ஒரு இடமும், ஏறி நின்று கடல் பார்க்க ஒரு மேடையும் வேண்டுமாம். கண்டறியாத அழகு! கடலைப் பார்க்க எதற்கு மேடை? கரையில் நின்றால் தெரியாதா?

இடிக்கிறதுக்கு அடையாளமாகச் சுவரில் சிவப்பு இலக்கம் போட ஆட்கள் வந்த அன்று நான் பெயின்ற் வாளியைக் காலால் தட்டிவிட்டேன். கோபத்தில் செய்ததுதான், மறைக்கவில்லை. மண் எல்லாம் சிவப்பு. அந்தப் பெடியன் பாவம், "அம்மா, நான் கூலிக்கு வந்தனான்" என்றான். பிறகு அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினோம். அடுத்த நாள் மிச்ச இலக்கத்தையும் போட்டுவிட்டுப் போனான்.

அதன்பிறகு ஊர் ஒன்றாக நின்றது. இதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உங்களுக்குப் பிறகு சங்கத் தலைவராக வந்திருப்பவன் சூசை. உங்கள் வள்ளத்தில் ஏழு வருடம் தொழில் செய்தவன், உங்களை அண்ணை என்று வாய் நிறையக் கூப்பிட்டவன். அவன் வீடு வீடாகப் போனான். சுவாமியார் பூசையில் சொன்னார். பள்ளிவாசலால் ஆட்கள் வந்தார்கள். கோயில் சபை தங்கள் ஒலிபெருக்கியைத் தந்தது. முறை வைத்து இரண்டிரண்டு பேராகப் பகலில் இங்கே காவல் இருந்தோம். பெட்டிசம் எழுதுகிற வேலை வழக்கம்போல என்னிடம் வந்தது.

என் கைராசி உங்களுக்குத் தெரியாததா? வீட்டுத் திட்டமோ, வாழ்வாதாரமோ, பாஸ்புத்தகம் தொலைந்ததோ, ஊரில் எவருக்குக் கந்தோருக்கு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். உள்ளதை உள்ளபடி எழுதினால் ஒருவனும் திரும்பிப் பார்க்கமாட்டான் என்பது என் வேதம். ஒழுகுகிற கூரையைப் பறந்துபோன கூரை ஆக்குவேன். இருமலைக் காசநோய் ஆக்குவேன். கேட்டது கிடைக்கும், நானும் பெருமையாகத் திரிவேன்.

இந்த முறையும் அதே வேலையைத்தான் பார்த்தேன். ஐஸ் கட்டிடம் ஒல்லாந்தர் காலத்துக் கட்டிடம், முந்நூறு வருடத்துப் புராதனச் சின்னம், கை வைக்கக் கூடாது என்று இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். முருகைக்கல் சுவரும் சுண்ணாம்புச் சாந்தும்தானே, ஒல்லாந்தர் கோட்டையிலும் அதுதானே இருக்கிறது என்று நினைத்தேன். ஊரே ஒப்பமிட்டது.

போன மாதம் முதல் விசாரணைக்குப் போனோம். பெண் உத்தியோகத்தர் ஒருவர். மரியாதையானவர், ஆனால் சிரித்த முகம் இல்லை. என் பெட்டிசத்தை வாசித்துவிட்டு நிமிர்ந்து, "ஒல்லாந்தர் ஐஸ் வித்தவங்களோ அம்மா?" என்று கேட்டார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதற்குப் பிறகு நாங்கள் சொன்ன உண்மைகளையும் அவர் அரைக் காதால்தான் கேட்டார்.

பிறகு அவர் ஒரு பழைய கடிதக் கோவையை எடுத்தார். அதிலிருந்து ஒரு கடிதத்தை உருவி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரத்து வாசித்தார். மேற்படி கட்டிடத்தின் சுவர்கள் எந்நேரமும் இடிந்து விழும் நிலையில் உள்ளன. அதனுள் தங்கியிருக்கும் ஏழை மக்களின் உயிருக்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை. திருத்தித் தர வழியில்லையெனில் கட்டிடத்தை இடித்து அகற்றுவதற்கு எமது சங்கத்துக்கு எவ்வித ஆட்சேபனையும் இல்லை.

"கீழ ஒப்பம் வைச்சிருக்கிறது தலைவர் மரியதாஸ். அவர் உங்கட மனிசன்தானே அம்மா?"

"ஓம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

சூசை எழும்பி, அது எப்போதோ எழுதினது, அதன் பிறகு ஒரு திட்டத்தால் கூரை போட்டுத் தரை போட்டுத் திருத்தியாகிவிட்டது என்று கத்தினான். "திருத்தினதுக்கு எங்கட கோவையில ஒண்டும் இல்லை" என்றார் அவர். "அந்தத் திட்டக்காரர் தங்கட பேப்பரெல்லாம் கட்டிக்கொண்டு போட்டினம். எங்களட்டை இருக்கிறது இந்தக் கடிதம்தான். எழுதினவர் வந்து, இது பிழையான தகவல் எண்டு விளக்கம் தந்து மீளப்பெற்றால் நாங்கள் திரும்ப யோசிக்கலாம். அவர் காலமாகிட்டார் எண்டு சொல்றீங்கள். அப்ப நான் என்ன செய்ய?"

அப்போது நான் எழும்பியிருக்க வேண்டும். கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

வானில் ஏறி ஊருக்குத் திரும்பினோம். பாலம் தாண்டியதும் சூசை பின்பக்கம் திரும்பினான். "ஜெசியக்கா, அண்ணை ஏன் இப்பிடி எழுதினவர்? ஆரிட்டை என்ன வாங்கினவர்?" என் மடியில் உங்கள் பழைய சங்கக் கோவை. யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். நான் பேசாதது அவனுக்குப் பதிலாகப் போய்விட்டது. "அண்ணை எங்களை வித்துப்போட்டார்" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஒரு கிழமைக்குள் அந்தக் கதைக்குக் கையும் காலும் முளைத்தது. எவனோ ஒரு ஹோட்டல்காரனிடம் வாங்கிக்கொண்டுதான் நீங்கள் அப்படி எழுதினீர்களாம். அந்தப் பணத்தில்தான் உங்கள் கடைசி வருத்தத்துக்குக் கொழும்பில் மருந்து செய்தோமாம். என் தாலிக்கொடி எங்கே போனது என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை! உங்களுக்கு ஆண்டுத் திருப்பலி ஒப்புக்கொடுத்தேன். பூசை முடிந்து சாப்பாட்டுக்கு எட்டுப் பேர்தான் வந்தார்கள். சமைத்ததில் பாதியைப் பக்கத்து ஊருக்கு அனுப்பினேன். அடுத்த நாள் காலையில் வேலைக்கு வந்தால், வாசல் சுவரில் உங்கள் பெயர் வெட்டிய திறப்பு விழாக் கல்லில் தார் பூசியிருந்தது.

அதைப் பார்த்துவிட்டும் நான் வாய் திறக்கவில்லை. ஊரில் எல்லாரோடும் வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்குப் போகிற ஜெசிந்தா, செத்துப்போன புருஷனின் பெயருக்கு மேல் கிடந்த தாரைப் பார்த்துக்கொண்டு நண்டு கழுவினாள். வெட்கமாக இருக்கிறது. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

இனி ஊருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நீங்கள் அறிந்ததுதான்.

இந்தியாவிலிருந்து அகதி முகாம்காரர் திரும்பி வந்த வருடம் அது. வீடு இல்லாத நாலு குடும்பங்கள் இங்கே சேலையால் மறைப்புக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். மாரி தொடங்கிவிட்டது. கட்டிடங்கள் திருத்திக் கொடுக்க ஒரு திட்டம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, நீங்கள் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு வந்து தந்தீர்கள். கூரை ஒழுகுகிறது. பின்பக்கக் கூரை வளைமரம் உக்கிவிட்டது. தரை வெடித்திருக்கிறது. சுவர்கள் நல்ல நிலையில் உள்ளன. திருத்தித் தரவும். அவ்வளவுதான் உங்கள் கடிதம்.

நான் சிரித்தேன். அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி உப்புக்குளத்தில் ரைப் அடிக்கிற கடைக்குப் போனேன். வழி முழுக்க மனசுக்குள் வசனம் கட்டினேன். சுவரை விழுத்தினேன். உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்றேன். கடைசியில் ஆட்சேபனை இல்லை என்ற வசனம் வந்தபோது எனக்கே புல்லரித்தது. கடைக்காரப் பெடியன்கூட, "அக்கா, நல்ல காரமா இருக்கு" என்றான்.

பின்னேரம் நீங்கள் அதை இரண்டு தரம் வாசித்தீர்கள். "என்ன ஜெசி, இடிக்கச் சொல்லியெல்லோ எழுதியிருக்கிறீர்?"

"அது சும்மா ஒரு வெருட்டு. அப்பிடி எழுதினால்தான் பயந்து திருத்துவாங்கள்."

"சுவர் நல்லாத்தானே நிக்குது. விழப்போற சுவர் எண்டு நான் எப்பிடி ஒப்பம் வைக்கிறது?"

"உங்கட நேர்மையைக் கொண்டுபோய்க் கடலிலை போடுங்கோ! மழைக்கு நனையிறது நீங்களோ, அந்தக் குஞ்சு குருமனுகளோ?"

"எனக்கு உது சரியாப் படேல்லை ஜெசி. நீர் சொல்றீர் எண்டதுக்காகத்தான்" என்று சொல்லிவிட்டுப் பேனையை வாங்கினீர்கள். எனக்கு அப்போது வெற்றி. கூரை வந்தது, தரை வந்தது, கல்லில் உங்கள் பெயர் வந்தது. திறப்பு விழாவில் எல்லாரும் உங்களைப் புகழ, நீங்கள் மட்டும் தலை குனிந்துகொண்டு நின்றீர்கள். கூச்சம் என்று ஊர் நினைத்தது. நானும் அப்படித்தான் நினைக்க விரும்பினேன்.

ஏனப்பா என் பேச்சைக் கேட்டீர்கள்? ஒரு தரமாவது கையை ஓங்கி, போடி விசரி என்று அந்தக் கடதாசியைக் கிழித்துப் போட்டிருக்கக் கூடாதா?

நேற்று ஒருவரிடம் மட்டும் இதைச் சொன்னேன். என்னோடு நண்டு கழுவுகிற ஒரு அக்கா. பலகையில் ஒட்டுகிற கடிதம் என்பதால் பெயர் எழுதவில்லை. அழுதுகொண்டு சொன்னேன். "எடியேய், வாயைப் பொத்து" என்றாள். "என்ரை வீட்டுத் திட்டத்துக்கு நீ என்ன எழுதினனீ? கொட்டிலுக்குக் கூரையே இல்லை எண்டெல்லோ எழுதினனீ. அரைவாசிக் கூரை கிடந்ததடி. நீ எழும்பி நான் கூட்டி எழுதுறனான் எண்டு சொல்லிப்போட்டு வருவாய். பிறகு அவங்கள் நீ எழுதின எல்லாத்தையும் கிண்டினால் நாங்கள் எங்கை போறது?"

எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன்? நாளைக்கு அந்த உத்தியோகத்தர் என்னைப் பார்த்து, வேறு யாருக்கு எழுதினீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வேன்? சங்கம் பொய் சொல்லித் திட்டத்தை வாங்கியது என்று வழக்குப் போட்டால்? பேசாமல் இருந்தால் பதினெட்டுப் பேருக்கு நிழல் போகும், உங்கள் பெயர் போகும். பேசினால் யாருடைய வீட்டுக் கதவில் போய்த் தட்டுவார்களோ தெரியாது. விடிய விடியப் புரண்டேன். செபமாலை உருட்டினேன். மாதாவுக்கும் என்னிடம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லைப் போல.

இன்று காலை அந்த அக்காவே வந்தாள். கழுவுகிற தொட்டியடியில் பக்கத்தில் குந்தி, என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "அந்த மாரிக்கு உன்ரை மனிசன் தன்ரை பாயைக் கொண்டுவந்து என்ரை பிள்ளையளுக்குப் போட்டவர். போய்ச் சொல்லு. என்ரை பேரை மட்டும் சொல்லிப்போடாதை." பிறகு நாங்கள் இரண்டு பேரும் வேலையைப் பார்த்தோம்.

ஒருவருடைய பெயரும் சொல்லமாட்டேன். எழுதிய கை என்னுடையது. கிண்டுவதென்றால் என்னைக் கிண்டட்டும். அரைக் கூரையோடு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருந்தவளுக்கு வீடு தேவைப்பட்டது, அது பொய் இல்லை. அதைச் சொல்ல நான் பொய்யைத் தேடிப் போனதுதான் பிழை. கந்தோர்க்காரருக்கும் ஒன்று சொல்வேன்: அரைக் கூரை என்று எழுதினால் நீங்கள் திரும்பிப் பார்த்திருப்பீர்களா? இதைக் கேட்காமல் வரமாட்டேன். என் குணம் உங்களுக்குத் தெரியும்.

மத்தியானம் லொறி போன பிறகு கட்டிடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்து, நாளைக்குக் கொடுக்க ஒரு கடிதம் எழுதினேன். சுவர் என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை தடிப்பு. மேற்குச் சுவரில் ஒரு வெடிப்பு இருக்கிறது, சுட்டுவிரல் நுழையும். அதை எழுதாமல் விடலாமா என்று கை கொஞ்சம் தயங்கியது. எழுதினேன். கூரைத் தகட்டில் மூன்று இடம் கறள் பிடித்துச் சிவந்திருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் கோடையிலும் உவர்ப்பதில்லை. யார் கட்டினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. பதினெட்டுப் பெண்கள் இதற்குள் வேலை செய்கிறோம், போக வேறு இடம் இல்லை. முந்திய கடிதத்தில் சுவர் விழும் என்று எழுதியவள் நான். அது பொய். தலைவர் வேண்டாம் என்று சொல்லியும் நான்தான் ஒப்பம் வைக்கச் செய்தேன். இவ்வளவுதான் எழுதினேன். ஒரு சொல் கூட்டவில்லை. வாசித்துப் பார்த்தால் நீங்கள் எழுதின கடிதம் மாதிரியே இருக்கிறது. இதைப் படித்துவிட்டு இரங்குவார்களோ, குப்பைக்கூடைக்குள் போடுவார்களோ, எனக்குத் தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

சூசை, நீ இதைப் பலகையில் வாசிப்பாய். என்னோடு கோபம் என்றால் புதன்கிழமைக்குப் பிறகு வந்து சண்டை பிடி. நாளைக்கு வானைக் கொண்டு வா. பதினெட்டுப் பேரும் வருகிறோம்.

இஞ்சாருங்கோ, கட்டிடம் தப்பும் என்று உங்களுக்கு வாக்குத் தர என்னால் ஏலாது. இனி அப்படிக் கூட்டிச் சொல்லப் பயமாக இருக்கிறது. தரக்கூடியதைத் தருகிறேன். நாளை பத்து மணிக்கு அந்தக் கதிரையை விட்டு எழும்புவேன். எல்லாருக்கும் கேட்கச் சொல்வேன். பெக்கோ வந்தாலும் வராவிட்டாலும் இந்தக் கரையில் உங்களை விற்றவர் என்று இனி ஒரு வாயும் சொல்லாது. பொய் எழுதியவள் பெண்சாதி என்று சொல்லட்டும், அது உண்மை.

அன்றைக்கு நான் எழுதினதுக்கு நீங்கள் ஒப்பம் வைத்தீர்கள். இன்றைக்கு நான் எழுதினதுக்கு நானே வைக்கிறேன்.

உங்கட மனிசி,
ஜெசிந்தா